டீக் கேட்டு: பாதி நம் சொல்

ரங்கூனில் வீடு கட்டும் நம்மவர்கள் மரவேலைக்காரரிடம் கேட்பது ‘டீக் கேட்டு’, அதாவது மதில் வாசலுக்கு மரத்தில் செய்த கேட். இதில் முதல் பாதி நம் வீட்டுப் பிள்ளைதான். தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் தேக்கு, போர்ச்சுகீசியர் வாயில் ‘தேக்கா’ ஆகி, ஆங்கிலத்துக்குப் போய் ‘டீக்’ ஆனது. கப்பலேறிப் போன பிள்ளை தொப்பி மாட்டிக்கொண்டு திரும்பி வந்ததும் நமக்கு அடையாளம் தெரியவில்லை. தேக்கு என்றே எழுதலாம், யோசிக்க ஒன்றுமில்லை.

சிக்கல் ‘கேட்’டில்தான். பர்மிய மொழியும் அதைக் கடன் வாங்கியிருக்கிறது, ஆனால் பஸ் நிற்கும் இடத்துக்கு. ‘காகெய்’ என்றால் பஸ் கேட்டு. போன மாதம் தங்கை மகனிடம் “கேட்டுக்கிட்ட நில்லுடா, வந்துடறேன்” என்றேன். நான் வாசலில் அரை மணி நேரம் தேட, அவன் தெருமுனையில் பஸ்களை எண்ணிக்கொண்டிருந்தான். பள்ளியில் பர்மியம் படிக்கிற பிள்ளை, அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘வாயில்’ என்பார்கள். இல்லத்தின் வாய், அதாவது ‘இல்வாய்’, முன்பின் மாறி வாயில் ஆனது. இலக்கணப் போலிக்கு இதையும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். பேச்சில் அது வாசல். ஆனால் வாயில் என்பது திறப்பு; அதற்கு வார்னிஷ் அடிக்க முடியாது. அடைக்கிற மரம்தான் கதவு. நெடுநல்வாடை இரண்டையும் பிரித்தே சொல்கிறது: இரும்பு பிணித்துச் செவ்வரக்கு பூசிய இரட்டை மரம் ‘கதவம்’, கொடியோடு யானை நுழையும் உயரம் ‘வாயில்’. ஆங்கிலக் கேட்டும் ஆதியில் திறப்பைத்தான் குறித்தது, அடைக்கும் பொருளுக்குப் பிறகு நகர்ந்தது.

அப்புறம் படல். மூங்கில் பிளாச்சும் ஓலையும் கட்டி வேலியில் வைப்பது. யாழ்ப்பாணத்தார் இரும்பில் செய்ததையும் ‘படலை’ என்கிறார்கள். பொருளால் இதுவே நெருக்கம். ஆனால் பெகு பக்கம் வளர்ந்த என் பெரியம்மாவிடம் ‘தேக்குப் படல்’ என்று சொன்னபோது சிரித்துவிட்டார். அவருக்குப் படல் என்றால் ஆடு முட்டித் திறப்பது.

விடை கிடைத்தது எங்கள் வீட்டு வேலை நடந்தபோது. வந்தவர் பர்மியர், நாங்கள் ‘சயா’ என்று கூப்பிடுவோம், வாத்தியார் என்று அர்த்தம். குறுக்குச் சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, நெடுஞ்சட்டத்தின் துளைக்குள் தட்டி இறக்கி, மேலே மூங்கில் முளை அடித்தார். இரும்பாணி ஒன்றுகூட இல்லை. தேக்கில் சிலிக்கா உண்டு, அதனால் இழைப்புளியை அடிக்கடி தீட்ட வேண்டியிருந்தது. தூண்களுக்குப் ‘பியிங்கடோ’. நம்மூரில் இருள் என்கிற மரம்தான், தண்டவாளத்துக்கு ஸ்லீப்பர் கட்டையாகப் போட்டது. பச்சைத் தேக்கு மிதக்காது என்பதால் காட்டில் பட்டையை வளையமாக வெட்டி, நின்றபடியே சில வருடம் காய விட்ட பிறகுதான் சாய்ப்பார்கள் என்று வேலைக்கு நடுவே சொன்னார். மழை தாங்குமா என்று கேட்டதற்கு, அமரபுரத்து ஊ பெய்ன் பாலத்தைப் போய்ப் பாருங்கள் என்றார். 1850 வாக்கில் தேக்கில் கட்டியது, சுமார் 1.2 கிலோமீட்டர், இன்னும் ஏரிக்குள் நிற்கிறது.

தான் செய்வதை அவர் ‘ச்சான் தகா’ என்றார். ச்சான் வீட்டைச் சுற்றிய வளவு, தகா கதவு. இதைவிடத் தெளிவாக வேறெப்படிச் சொல்வது? ‘வளவுக் கதவு’ என்று எழுதலாம், ஆனால் செட்டிநாட்டு வீடுகளில் வளவு என்பது உள்ளே இருக்கும் பகுதி, குழப்பம் வரும். எனக்கு ‘மதிற்கதவு’ பிடித்திருக்கிறது. பலகை அடைக்காமல் சட்டங்களுக்கிடையே இடைவெளி விட்டுச் செய்தால் அதற்கு ‘அழிக்கதவு’ என்ற பழைய சொல்லே இருக்கிறது, அழி என்றால் கம்பித் தடுப்பு. எங்களுடையது பாதிக்கு மேல் அழி, கீழே பலகை. ரசீதில் சயா பர்மியத்தில் ச்சான் தகா என்று எழுதியிருக்கிறார். பக்கத்தில் பென்சிலால் ‘தேக்கு மதிற்கதவு, இரட்டை’ என்று நான் எழுதி வைத்திருக்கிறேன்.