லிமோன்செல்லோ – எலுமிச்சை நறவு

இத்தாலியில் நேப்பிள்ஸுக்குத் தெற்கே சொரென்டோ, அமால்ஃபி போன்ற கடற்கரை ஊர்களில் மீன் சாப்பாடு முடிந்ததும் சின்னக் கண்ணாடிக் கோப்பையில் மஞ்சளாக, பனிபோல் குளிர்ந்து வரும் இனிப்பு மதுவே லிமோன்செல்லோ. 'பச்சை'யில் ஒலிக்கும் சகரமாக இதன் 'செ'யை அழுத்திச் சொல்ல வேண்டும்.

இத்தாலிய மொழியில் 'லிமோனே' என்றால் எலுமிச்சை. பாரசீக 'லீமூ', அரபு மொழியில் 'லைமூன்' ஆகி, அங்கிருந்து இத்தாலிக்குப் போன சொல் அது. 'செல்லோ' சிறுமை காட்டும் விகுதி. 'வியொலோனே' என்ற பெரிய தந்திக் கருவியின் சிறிய வடிவம் 'வியொலோன்செல்லோ' ஆனதும் இதே வழியில்தான். வடக்கே லிகூரியாவில் இந்த மதுவை லிமோன்சீனோ என்பார்கள். சொரென்டோ, அமால்ஃபி, காப்ரி மூன்றும் இதைத் தம்முடையது என்று உரிமை கொண்டாடுகின்றன. வணிகப் பெயராக அது பதிவானது 1988இல், காப்ரித் தீவில்.

தமிழில் சிலர் 'எலுமிச்சை ஒயின்' என்று எழுதுகிறார்கள். அது தவறு. இதில் நொதித்தலும் இல்லை, பழச்சாறும் இல்லை. தோலின் மஞ்சள் பகுதியில் இருக்கும் எண்ணெய்தான் இதன் உயிர். அமால்ஃபியின் நீண்ட, கூர்முனை கொண்ட 'ஸ்ஃபுசாட்டோ' எலுமிச்சைக்குத் தோல் தடிமன், எண்ணெய் மிகுதி. நம் சந்தையில் கிடைக்கும் மெல்லிய தோல் எலுமிச்சை வேறு இனம், மணமும் வேறு.

மெழுகு பூசாத எட்டுப் பத்துப் பழங்களின் மஞ்சள் தோலை மட்டும் சீவி, ஒரு லிட்டர் 95 விழுக்காட்டுச் சாராயத்தில் போட்டு, மூடி, இருட்டில் 7 முதல் 14 நாள் வைப்பார்கள். தோல் வெளுத்து, வளைத்தால் முறியும் நிலைக்கு வந்தால் எண்ணெய் இறங்கிவிட்டது. வடிகட்டி, ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 700 கிராம் சர்க்கரை கரைத்த பாகைச் சேர்த்தால் சுமார் 32 விழுக்காட்டு மது கிடைக்கும். பாகு முழுதாக ஆறியிருக்க வேண்டும். சூடாக ஊற்றினால் சாராயமும் மணமும் ஆவியாகப் போய்விடும். அடுப்பருகே இந்த வேலை ஆகாது, ஆவி தீப்பற்றும். கசப்பு வந்தால் தோலோடு வெள்ளைச் சதையும் சேர்ந்துவிட்டது என்று பொருள். அதைச் சரிசெய்ய வழி கிடையாது. பாகு விழுந்ததும் மது கலங்குவது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. சாராயத்தில் கரைந்திருந்த எண்ணெய், தண்ணீர் கூடியதும் நுண்துளிகளாகப் பிரிகிறது, அவ்வளவுதான். கலங்கவே இல்லையென்றால்தான் எண்ணெய் போதவில்லையோ என்று பார்க்க வேண்டும்.

95 விழுக்காட்டுச் சாராயத்துக்குப் பதில் 40 விழுக்காட்டு வோட்கா ஒரு லிட்டர் எடுத்தால், பாகுக்கு 300 மில்லி தண்ணீரும் 250 கிராம் சர்க்கரையும் போதும். மணம் சற்றுக் குறையும். மரச்சாமான் மெருகுவேலைக்குக் கடையில் விற்கும் சாராயத்தைத் தொடவே கூடாது; அதில் மெத்தனால் போன்ற நஞ்சு கலந்திருக்கும்.

தமிழில் என்ன சொல்வது? 'தேறல்' முதலில் நினைவுக்கு வரும். "யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்" என்று புறநானூற்றின் 56ஆம் பாட்டு மேற்குக் கடல் வழி வந்த மதுவையே சொல்கிறது. ஆனால் தேறல் என்பது தெளிந்த மது, ஒயினுக்கே அது பொருந்தும். கலங்கலாக இருக்க வேண்டிய இதற்கு 'நறவு' தகும். மணம், தேன், கள் மூன்றும் அச்சொல்லின் பொருள்கள். மணமும் இனிப்பும் வெறியும்தானே லிமோன்செல்லோ! ஆகவே 'எலுமிச்சை நறவு'.

மீனோடு இதைக் குடிப்பதில்லை. பொரித்த நெத்திலிக்கும், உருளைக்கிழங்கு சேர்த்து வேகவைத்த கணவாய்க்கும், மட்டி போட்ட ஸ்பகெட்டிக்கும் அங்கே துணை உள்ளூர் வெள்ளை ஒயின். நறவின் இனிப்பு மீனின் உப்புச் சுவையை மூடிவிடும். சாப்பாடும் காப்பியும் முடிந்த பிறகு 30 மில்லி, அதையும் மெல்ல உறிஞ்ச வேண்டும். புட்டியை உறைபெட்டியிலேயே வைக்கலாம். 30 விழுக்காட்டுக்கு மேல் சாராயமும் அவ்வளவு சர்க்கரையும் இருப்பதால் வீட்டு உறைபெட்டியின் குளிரில் அது கட்டியாகாது. பனித்துகள் தோன்றினால் தண்ணீர் கூடிவிட்டது என்று அறியலாம்.