பருவகாலச் சில்வண்டு என்று ஒன்று கிடையாது

"பருவகாலச் சில்வண்டுகள் 17 ஆண்டுகளுக்கு ஒருமுறை மண்ணிலிருந்து வெளிவருகின்றன." போன மாதம் ஒரு ஆவணப்படத்தின் தமிழ்க் குரலில் இந்த வரியைக் கேட்டேன். அதற்கு முன் ஒரு செய்தியில் படித்திருக்கிறேன். அதற்கும் முன் சிறுவர்களுக்கான ஒரு அறிவியல் பக்கத்தில். மூன்றாவது தடவை காதில் விழுந்ததும் படத்தை அப்படியே நிறுத்திவிட்டேன். மாம்பழம் பருவத்துக்கு வரும். மழை பருவத்துக்குப் பெய்யும். வருடம் தவறாமல் வருவதைத்தான் பருவகாலம் என்கிறோம். 17 ஆண்டுக்கு ஒருமுறை வருவதை அந்தச் சொல்லால் எப்படிக் குறிப்பது? ஒரே வாக்கியத்தில் முதல் சொல் ஒன்றைச் சொல்ல, அடுத்த சொல் அதை மறுக்கிறது. மூன்று பேர் எழுதியும் மூன்று பேருக்கும் அது உறுத்தவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

முதலில் பூச்சியைப் பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் சிகாடா எனப்படும் சிள்வண்டுகளில், அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் மட்டும் வாழ்கிற இனங்கள் இவை. மொத்தம் ஏழு. மூன்று இனங்களுக்கு 17 ஆண்டுக் கணக்கு, நான்கு இனங்களுக்கு 13 ஆண்டுக் கணக்கு. குஞ்சுகள் மண்ணுக்குள் மரவேரின் நீரை உறிஞ்சியபடி அத்தனை வருடமும் இருக்கின்றன. கணக்கு முடிகிற ஆண்டின் வசந்தத்தில், மண்ணின் சூடு ஏறக்குறைய 18 டிகிரி செல்சியஸைத் தொட்டதும், இருட்டிய பிறகு கூட்டமாக மேலே ஏறும். மரத்தில் தோலை உரித்துவிட்டுச் சிவந்த கண்ணும் பொன்னிற நரம்போடிய இறக்கையுமாக வெளிவரும். சில இடங்களில் ஏக்கருக்கு 15 லட்சம் வரை எண்ணியிருக்கிறார்கள். பறவையும் அணிலும் எவ்வளவு தின்றாலும் தீராது. நான்கைந்து வாரம் கத்தி, கூடி, முட்டையிட்டுச் சாகும். அப்புறம் அந்த ஊர் அடுத்த 13 அல்லது 17 ஆண்டுக்கு அவற்றைப் பெரும்பாலும் பார்க்காது. பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம், நான்கு ஆண்டு முந்திக்கொண்டு வருகிற சிலதும் உண்டு.

சிள்வண்டு என்ற பெயரில் எனக்குக் குறை இல்லை. 'சிள்' என்பது அதன் ஒலி. பேச்சில் அது சில்வண்டு ஆனது, அதிலும் தப்பில்லை. பழம்பெயர் சிள்வீடு. அகநானூற்றில் நடுப்பகல் வெயிலில் வேல மரத்தில் சிள்வீடு கறங்குகிறது. மரம், வெயில், ஓயாத சத்தம் மூன்றும் இந்தப் பூச்சிக்குத்தான் பொருந்தும், இரவில் சுவரோரம் கத்துகிற சுவர்க்கோழிக்குப் பொருந்தாது. இரண்டையும் ஒரே பெயரால் கூப்பிடுகிற ஊர்கள் உண்டு, எழுதுகிறவர்கள் அங்கே கவனமாக இருக்க வேண்டும். 'இது வண்டே இல்லையே, மூட்டைப்பூச்சி வரிசையில் வருவதல்லவா' என்று சிலர் திருத்த வருவார்கள். தமிழில் வண்டு அவ்வளவு குறுகிய சொல் இல்லை. பூவில் தேன் குடிப்பதையும் வண்டு என்றுதான் நம் கவிதை சொல்கிறது.

ஆக, தகராறு அடைமொழியில்தான். ஆங்கிலத்தில் இந்தப் பூச்சிக்கு 'பீரியாடிக்கல்' என்று அடை போடுகிறார்கள். கிரேக்கத்தில் 'பெரி' என்றால் சுற்றி, 'ஹோடோஸ்' என்றால் வழி. ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வது என்று பொருள். சுற்று எவ்வளவு பெரிது என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. ஒரு நாளாக இருக்கலாம், நூறு ஆண்டாகவும் இருக்கலாம்.

இதில் பருவம் எங்கிருந்து நுழைந்தது? பருவ இதழிலிருந்து என்றுதான் எனக்குப் படுகிறது. வாரம், மாதம், காலாண்டு என்று தவணை வைத்து வருகிற பத்திரிகையை ஆங்கிலத்தில் அதே 'பீரியாடிக்கல்' என்கிறார்கள். அதை நாம் பருவ இதழ் என்று எழுதிப் பழகிவிட்டோம், நூலகத்தில் பலகையே இருக்கிறது. அகராதியைத் திறந்தவர் பருவ இதழைக் கண்டார், இதழை எடுத்துவிட்டுச் சிள்வண்டை ஒட்டவைத்தார், வெறும் பருவம் மொட்டையாக நிற்கிறதே என்று காலத்தையும் சேர்த்துக்கொண்டார். ஒரு சொல்லுக்குக் கிடைத்த நிகரியை, அது எதைக் குறிக்கப் பிறந்தது என்று பார்க்காமல், வேறொரு பொருளின் தலையில் தூக்கி வைப்பது இன்றைய மொழிபெயர்ப்பில் தினமும் நடக்கிறது.

தமிழில் பருவம் என்ற சொல்லுக்கு எத்தனை வேலை இருக்கிறது பாருங்கள். கார்ப்பருவம், பனிப்பருவம். குழந்தைப் பருவம், பருவமடைதல். உழவர் வாயில் இன்னும் துல்லியம். "மண்ணு பருவமா இருக்கு, இப்பவே ஏர் ஓட்டிடணும்" என்பார்கள். ஈரமும் இறுக்கமும் பதமாகக் கூடியிருக்கிறது என்று அர்த்தம். இவை எல்லாவற்றிலும் ஒரு பக்குவம் இருக்கிறது, கூடி வருகிற வேளை இருக்கிறது. ஆண்டுகளை எண்ணுகிற கணக்கு எதிலும் இல்லை. இந்தப் பூச்சிக்கோ அந்தக் கணக்குதான் எல்லாம். அமெரிக்காவிலேயே வருடம் தவறாமல் கோடையில் கத்துகிற வேறு சிள்வண்டுகள் உண்டு. பருவகாலச் சிள்வண்டு என்ற பெயரை யாருக்காவது கொடுத்தே தீர வேண்டும் என்றால் அவற்றுக்குத்தான் கொடுக்கணும்!

குறிஞ்சியை யாராவது பருவகாலப் பூ என்கிறோமா? 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, '12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி' என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். கும்பகோணத்து மகாமகத்தை யாரும் பருவகாலத் திருவிழா என்பதில்லை. நீண்ட கணக்கு வைத்து வருவதை எப்படிச் சொல்வது என்று தமிழனுக்குத் தெரியும். மொழிபெயர்க்க உட்காரும்போது மட்டும் மறந்துபோகிறது.

மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிற ஒரு தம்பியிடம் இதைப் போனில் சொல்லி, பருவகாலத்துக்குப் பதில் காலமுறை என்று போடலாமே என்றேன். "அண்ணே, பருவம்னு போட்டாத்தான் ஜனங்களுக்குப் புரியுது. காலமுறைன்னா ஆபீஸ் வார்த்தை மாதிரி இருக்கு" என்றான். ஆபீஸ் வார்த்தைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலமுறை ஊதியம் கேட்டு அட்டை பிடித்துத் தெருவில் உட்கார்ந்த அங்கன்வாடி ஊழியருக்கும் சத்துணவு ஊழியருக்கும் அது புரிந்த வார்த்தை. காலம் வைத்து, முறை தவறாமல் என்று பிரித்தாலே பொருள் வந்துவிடுகிறது. காலம் வடசொல் என்று சிலர் விலக்குவார்கள். தூய தமிழில் இதே தெளிவோடு ஒரு சொல் கிடைத்தால் நானே முதலில் எடுத்துக்கொள்வேன். கிடைக்கும்வரை தெளிவைத்தான் பிடித்துக்கொள்வேன்.

வேறு சொற்களையும் எடைபோட்டுப் பார்த்தேன். 'சுழற்சிச் சிள்வண்டு' என்றால் பூச்சியே சுற்றுவது போலக் கேட்கிறது. ஆவர்த்தனம் உண்மையில் பொருத்தமான சொல். தாளம் ஒரு சுற்று முடிந்து முதல் அடிக்குத் திரும்புவதுதான் அது. இலங்கையில் வேதியியல் படித்தவர்கள் தனிம அட்டவணையை ஆவர்த்தன அட்டவணை என்றே படித்திருப்பார்கள். தமிழ்நாட்டு வாசகருக்கோ அந்தச் சொல் கேட்டதும் மிருதங்கம்தான் நினைவுக்கு வரும். சரி, காலமுறைச் சிள்வண்டு என்பதே என் முடிவு. கணக்கைக் குறித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 17 ஆண்டுச் சிள்வண்டு, 13 ஆண்டுச் சிள்வண்டு.

ஒரு சொல்லுக்கு இவ்வளவா என்று தோன்றலாம். இந்தப் பூச்சியைத் தின்கிற பூஞ்சையின் கதைக்கு வந்தால் அது எவ்வளவு முக்கியம் என்று தெரியும். அதன் பெயர் மாசோஸ்போரா சிகாடினா. நியூயார்க் மாநிலத் தாவரவியலாளர் சார்லஸ் பெக் 1879இல் வைத்தது. 'மாசா' என்றால் பிசைந்த மாவு போன்ற திரள், 'ஸ்போரா' என்றால் வித்து. பெயர் அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது. நோய் கண்ட பூச்சியின் பின்வயிறு வளையம் வளையமாகக் கழன்று விழுந்துவிடும். அந்த இடத்தில் சுண்ணக்கட்டியை உடைத்து அடைத்தாற்போல வெள்ளையாக ஒரு உருண்டை. உடம்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, பூச்சியோ மரப்பட்டையில் ஏறிக்கொண்டிருக்கிறது. காலை எடுத்து வைக்கும்போதெல்லாம் பின்னால் வெள்ளைப் பொடி உதிர்கிறது. நான் பார்த்த வீடியோவில் அது பறக்கவும் செய்தது, பறந்த வழியெல்லாம் பொடி.

அந்தப் பொடி மற்ற சிள்வண்டுகள்மேல் பட்டு அவற்றுக்கும் நோய் வரும். இந்த இரண்டாம் சுற்றில் வயிற்றில் விளைவது வேறு வகை வித்து. பழுப்பு நிறம், தடித்த தோல். அது இன்னொரு பூச்சியைத் தேடாது. மண்ணில் விழுந்து உறங்கும், அடுத்த தலைமுறை மேலேறும்வரை. 17 ஆண்டு! பறவையாலும் அணிலாலும் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது, இந்தப் பூஞ்சையால் முடிகிறது. பூச்சி கணக்குப் போட்டு ஒளிகிறது, பூஞ்சை அதே கணக்கைப் போட்டுக் காத்திருக்கிறது. பருவகாலம் என்று எழுதினால் இந்தக் காத்திருப்பு ஒரே வருடமாகச் சுருங்கிவிடுகிறது. படிக்கிறவருக்கு வியக்க எதுவுமே மிஞ்சாது.

இந்தப் பூஞ்சைக்குத் தமிழில் நடக்கிற அநியாயம் தனி. ஜாம்பிப் பூஞ்சை என்கிறார்கள். தமிழாக்கியே தீர்வேன் என்று இறங்கியவர்கள் 'நடைபிணப் பூஞ்சை' என்கிறார்கள். ஆங்கிலச் செய்திகளிலேயே ஜாம்பி என்று எழுதுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் நடைபிணம் என்பது தமிழில் ஏற்கெனவே உயிருள்ள ஒரு சொல். "மகன் போனதுலேருந்து அவர் நடைபிணமா ஆயிட்டாரு" என்கிறோம். உயிர் இருக்கிறது, வாழும் ஆசை இல்லை என்பதுதான் அதன் பொருள். இந்தச் சிள்வண்டின் நிலை அதற்கு நேர்மாறு. வயிறு போன பின்பும் அது துணை தேடி அலைகிறது. ஆண் பூச்சி கத்தினால் பெண் இறக்கையைச் சொடுக்கிப் பதில் சொல்லும். நோய் கண்ட ஆண் அந்தப் பெண்ணின் சொடுக்கையும் போடுகிறது. நம்பி நெருங்குகிற மற்ற ஆண்களும் பொடியை வாங்கிக்கொள்கின்றன. 2018இல் இதைக் கண்டு எழுதினார்கள். மறு ஆண்டு இன்னொரு குழு இந்தப் பூஞ்சையில் கேத்தினோன் இருப்பதைச் சொன்னது. ஏமனிலும் எத்தியோப்பியாவிலும் மெல்லுகிற காட் இலையில் இருக்கும் கிளர்ச்சிப் பொருள் அது. சோர்ந்துபோனவனுக்கு உரிய சொல்லை இப்படி ஓயாமல் திரிகிற ஒன்றுக்குச் சூட்டுவது எப்படிச் சரியாகும்? எறும்பைக் கொன்றபின் அதன் தலையிலிருந்து தண்டு விட்டு வித்து உதிர்க்கிற பூஞ்சை வேறு. மாசோஸ்போரா வித்துப் பரப்புவதற்கு இரை உயிரோடு நடமாட வேண்டும்.

இன்னொருவர் இந்தப் பூஞ்சை சேர்ந்த உயிரியல் வரிசையின் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் 'பூச்சிக்கொல்லிப் பூஞ்சை' என்று எழுதியிருந்தார். கிரேக்கப் பொருள் அதுதான், பூச்சியை அழிப்பது. ஆனால் பூச்சிக்கொல்லி என்றால் நம் ஊரில் உரக்கடையில் விற்கிற மருந்து. அதைப் படிக்கிற விவசாயி பாட்டில் என்ன விலை என்றுதானே கேட்பார். ஒட்டுண்ணி என்பதை மட்டும் நான் மனதாரப் பாராட்டுவேன். ஆங்கிலத்தில் அது 'பாரசைட்', கிரேக்கத்தில் அந்தச் சொல்லின் பொருள் அடுத்தவர் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து உண்பவன். தமிழிலும் ஒட்டி உண்பது. யார் ஆக்கியதோ, உண்பதை விடாமல் பிடித்திருக்கிறார்கள்.

பழைய பிழை ஒன்றும் இன்னும் உலவுகிறது, '17 ஆண்டு வெட்டுக்கிளி'. அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர்கள் பைபிளில் படித்த வெட்டுக்கிளிப் படைதான் இது என்று நினைத்து வைத்த பெயர், அங்கே பேச்சில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்காவது சாக்கு உண்டு, முன்பின் பார்த்திராத பூச்சி. நமக்கு என்ன சாக்கு? வெட்டுக்கிளி இலையைக் கடித்து வயலை மொட்டையடிக்கும். சிள்வண்டுக்குக் கடிக்க வாயே இல்லை, உறிஞ்சத்தான் முடியும். முட்டையிடப் பெண் கீறுகிற சிறு கிளைகளின் நுனி காயும், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த 'பிரூட் எக்ஸ்'. ஒரே ஆண்டில் வெளிவரும் கூட்டத்தை ஆங்கிலத்தில் 'பிரூட்' என்கிறார்கள். அந்தக் கூட்டங்களுக்கு 1898இல் அமெரிக்கப் பூச்சியியலாளர் சார்லஸ் மார்லட் ரோமன் எண் கொடுத்தார். 2021இல் வந்தது பத்தாவது. X என்ற அந்த எழுத்து பத்து என்ற ரோமன் எண், எக்ஸ் இல்லை. ஆடுமாடு வளர்ப்பவர்கள் "ரெண்டாம் ஈத்து, மூணாம் ஈத்து" என்பார்கள். ஒரே தடவையில் பிறந்தவற்றைக் குறிக்க இதைவிட நல்ல சொல் வேண்டியதில்லை. 10ஆம் ஈத்து என்று எழுதலாம். 2024இல் 13 ஆண்டுக் கணக்குள்ள 19ஆம் ஈத்தும் 17 ஆண்டுக் கணக்குள்ள 13ஆம் ஈத்தும் ஒரே வசந்தத்தில் வந்தன. அதற்கு முன் அப்படி நடந்தது 1803இல். 13ஐ 17ஆல் பெருக்கினால் 221, கணக்கு சரியாக வருகிறது.

அந்த ஆவணப்படத்தின் வரியை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: "காலமுறைச் சிள்வண்டுகளில் 10ஆம் ஈத்து 17 ஆண்டு கழித்து மண்ணிலிருந்து மேலேறுகிறது. அவற்றோடு சேர்ந்து, 17 ஆண்டு மண்ணில் உறங்கிக் கிடந்த சிள்வண்டுப் பூஞ்சையும் விழித்துக்கொள்கிறது."

தம்பிக்கு இதை அனுப்பியிருக்கிறேன்.