முன்பணம் திரும்பி வரவில்லையா? சிங்கப்பூரில் வாடகைதாரர் வழக்குப் போடும் முன் பார்க்க வேண்டியவை

சாவியைக் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் பணம் வராது. கேட்டால், “பெயின்ட் அடித்தேன், ஏர்கான் கழுவினேன், சோபா பாழாகிவிட்டது, மிச்சம் ஒன்றும் இல்லை” என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும். ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை, இரண்டு வருடத்துக்கு இரண்டு மாத வாடகை என்று முன்பணம் வாங்குவதுதான் இங்கே வழக்கம். மாதம் 2,800 வெள்ளி வாடகை என்றால் 5,600 வெள்ளி வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. வக்கீல் வைத்து நடத்தினால் கட்டணத்துக்கே போய்விடக்கூடிய தொகை அது. இப்படிப்பட்ட தகராறுகளுக்குத்தான் அரசு நீதிமன்றங்களின் கீழ் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே இரு தரப்பும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. வீட்டுக்காரர் எவ்வளவு வசதியானவராக இருந்தாலும் அவரேதான் வந்து பேச வேண்டும்.

மன்றத்துக்கு வரம்புகள் உண்டு. குடியிருப்பு வீடாக இருக்க வேண்டும், கடை வாடகை செல்லாது. ஒப்பந்தக் காலம் இரண்டு வருடத்தைத் தாண்டக்கூடாது. கேட்கும் தொகை 20,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும்; இரு தரப்பும் எழுதிச் சம்மதித்தால் 30,000 வரை போகலாம். தொகை அதற்கு மேல் இருந்தால் இரண்டு வழக்காகப் பிரித்துப் போட முடியாது, மிச்சத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் பதிவு செய்துவிட வேண்டும்.

பலர் யோசிக்காத ஒன்று முத்திரைத் தீர்வை, அதாவது வாடகை ஒப்பந்தத்துக்காக அரசுக்குக் கட்டும் வரி. தீர்வை கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது. நான்கு வருடத்துக்கு உட்பட்ட ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. 2,800 வெள்ளி வீதம் 24 மாதம் என்றால் 67,200. தீர்வை 268 வெள்ளி. சிங்கப்பூரில் கையெழுத்திட்டால் 14 நாளுக்குள் கட்ட வேண்டும். கட்ட வேண்டியவர் வாடகைதாரர். “ஏஜென்ட் கட்டியிருப்பார்” என்று நம்பி இருந்துவிடாதீர்கள். தீர்வைச் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். விட்டுப்போயிருந்தால் இப்போதும் கட்டலாம், ஆனால் அபராதம் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் தாமதம் என்றால் அது தீர்வையின் நான்கு மடங்கு வரை போகும்.

அடுத்து, யார்மீது வழக்கு? ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் என்று கையெழுத்திட்டவர்மீது. வாடகையை வாங்கிக்கொண்டது அவருடைய தம்பியாக இருக்கலாம், தினமும் உங்களிடம் பேசியது ஏஜென்டாக இருக்கலாம். பொதுவாக முன்பணம் ஏஜென்ட் கையில் இருப்பதில்லை, அவர்மீது போட்டுப் பயனில்லை. முழு வீட்டையும் எடுத்து அறைகளை உள்வாடகைக்கு விட்டவரிடம் நீங்கள் குடியிருந்தால், உங்களுக்குப் பொறுப்பு அவர்தான், வீட்டின் சொந்தக்காரர் அல்ல. ஒப்பந்தத்தில் உங்களோடு இன்னொருவரும் கையெழுத்திட்டிருந்தால் அவரையும் சேர்த்துக்கொண்டு போங்கள்.

இனி சான்று. வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இங்கேதான்.

வீட்டை ஒப்படைக்கும் நாளில் பாதிப் பேர் பெட்டி கட்டும் அவசரத்தில் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பொறுமை வேண்டும். ஒவ்வொரு ஏர்கானையும் இருபது நிமிடம் ஓடவிட்டுத் தண்ணீர் சொட்டுகிறதா பாருங்கள். தொட்டிக் குழாயின் அடி, அடுப்பு மேடை, சன்னலோரத் தரை, மெத்தையின் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். முதலில் அறை முழுவதும் தெரியும்படி ஒன்று, பிறகு பழுதுக்கு அருகில் போய் ஒன்று. கறையை மட்டும் பெரிதாகக் காட்டும் படத்தில் அது எந்தச் சுவர் என்றே தெரியாது. சாவி எத்தனை, நுழைவு அட்டை எத்தனை, அஞ்சல் பெட்டிச் சாவி உண்டா என்று ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். குடிவந்தபோது கொடுத்த பொருள் பட்டியலும் அன்றைய படங்களும் இதோடு சேர்ந்தால்தான் முன்பும் பின்பும் ஒப்பிட முடியும். பழைய படங்கள் வாட்ஸ்அப்பில் மட்டும் இருந்தால், கைப்பேசியை மாற்றும் முன் வேறிடத்தில் சேமித்துவிடுங்கள்.

இயல்பான தேய்மானத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல. பெயின்ட் மங்குவது, திரைச்சீலை வெளிறுவது, சோபா மெத்தை அமுங்குவது தேய்மானம். மழையில் சன்னலைத் திறந்துபோட்டு மரத்தரை உப்பியது, சூடான சட்டியை வைத்து மேடை கருகியது சேதம். அதற்குப் பணம் கொடுத்தாக வேண்டும். ஆனாலும் ஏழு வருடப் பழைய சோபாவுக்குப் புதுச் சோபாவின் விலையைக் கேட்டால், அதன் வயது என்ன என்று கேளுங்கள். வீட்டுக்காரர் காட்டுவது செலவுசெய்த ரசீதா, வெறும் விலைப்புள்ளியா என்பதையும் கவனியுங்கள். உங்கள் பக்கம் அடிக்கடி இடிக்கும் இடம் ஏர்கான் பராமரிப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்து, உங்களிடம் இரண்டு ரசீதுதான் இருக்கிறது என்றால், அதற்காக முன்பணத்தில் பிடித்துக்கொள்ளும் கழிவை எதிர்த்து வாதாடுவது சிரமம். அதை ஒப்புக்கொண்டு மற்றவற்றுக்கு நிற்பதே புத்திசாலித்தனம்.

வழக்குக்கு முன் ஒரு கடிதம் அனுப்புங்கள். எந்தத் தொகை, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு, எந்தக் கழிவை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று இருந்தால் போதும். கோபமும் மிரட்டலும் வேண்டாம், அதே கடிதம்தான் நாளைக்கு நடுவர் முன் போகும்.

வழக்குப் பதிவு இணையத்தில், அரசு நீதிமன்றங்களின் சிஜேடிஎஸ் (CJTS) தளத்தில், அரசின் மின்-அடையாளமான சிங்பாஸ் கொண்டு நடக்கிறது. சிங்பாஸ் இல்லாதவர்களுக்கு அந்தத் தளமே தனி அனுமதி தருகிறது. நாட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் கிளம்பும் முன்பே தொடங்கிவிடுவது நல்லது. வாட்ஸ்அப் உரையாடல் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படும். குரல்பதிவாக இருந்தால் அதை எழுத்தாக்கவும் வேண்டும். முதலில் பதிவாளர் இரு தரப்பையும் கூப்பிட்டுச் சமரசத்துக்கு முயல்வார். அங்கே ஒத்துக்கொண்டதை மன்றத்தின் உத்தரவாகவே பதிவு செய்யலாம். ஒத்துவரவில்லை என்றால் நடுவர் முன் விசாரணை. உங்களுக்கு எதிராக வீட்டுக்காரரும் எதிர்க்கோரிக்கை போடலாம், அதனால் கடைசி மாத வாடகையைக் கட்டாமல் “முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பெரும்பாலான ஒப்பந்தங்கள் அதைத் தடுக்கின்றன.

உத்தரவு வந்தும் பணம் தராவிட்டால், மன்றம் தானாக வசூலித்துத் தராது. நீங்களே கட்டணம் கட்டி அமலாக்க உத்தரவுக்கு மனுப்போட வேண்டும். அதன் மூலம் அவருடைய பொருள்களையோ வங்கிக் கணக்கில் உள்ள பணத்தையோ பிடிக்கலாம். எந்த வங்கி என்று சொல்ல வேண்டியது நீங்கள்தான். அதனால் மாதா மாதம் வாடகை அனுப்பிய வங்கிப் பதிவுகளை அழித்துவிடாதீர்கள்.