சாவியைத் திருகும் முன்: நெடுநாள் நின்ற காருக்குள் நடப்பது என்ன?

பதினைந்து வருடமாக ஷெட்டில் நின்ற பழைய கார் ஒன்று கைக்கு வந்தால், புது பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருகிப் பார்க்கத்தான் யாருக்கும் கை பரபரக்கும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அத்தனை வருடம் தாக்குப்பிடித்த இன்ஜினை அந்தப் பத்து விநாடி ஒழித்துக்கட்டிவிடக்கூடும்.

ஓடாத வண்டிக்குத் தேய்மானம் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் ஈரமும் ஆக்சிஜனும் ஓய்வெடுப்பதில்லை. ஓடும் இன்ஜினில் சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டன் ரிங்குக்கும் நடுவே ஆயில் படலம் இருந்துகொண்டே இருக்கும். நிறுத்தினால் அது கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து கீழே சம்ப்புக்கு, அதாவது இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டிக்கு, போய்விடும். நான்கு சிலிண்டர் இன்ஜின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு சிலிண்டரில் வால்வு திறந்தே இருக்கும். சைலன்சர் வழியாகவோ ஏர் ஃபில்டர் வழியாகவோ வரும் ஈரக்காற்றுக்கு அது போதும். ரிங் வார்ப்பிரும்பு, பெரும்பாலான பழைய இன்ஜின்களில் சிலிண்டர் சுவரும் வார்ப்பிரும்பு. இரண்டும் தொடும் இடத்தில் துரு ஏறுகிறது. துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும் என்பதால் இருக்கிற நூலிடைவெளியையும் அடைத்து இறுக்கிவிடுகிறது. மெக்கானிக்குகள் ‘இன்ஜின் ஜாம்’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இந்த நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டாரின் முழு விசையையும் கொடுத்தால் ரிங் உடையலாம். வால்வு ஒட்டியிருந்தால் அதைத் தள்ளும் புஷ்ராடு வளைந்துவிடும்.

ஆகவே முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் மெல்லிய ஆயில் ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். குறைந்தது ஒருநாள். ஜாம் ஆகியிருந்தால் ஒரு வாரம்கூட. நுண்ணிய இடுக்குகளில் எண்ணெய் தானாக ஊர்ந்து ஏறும். அந்த வேலைக்கு நேரம்தான் தேவை, பலம் தேவையில்லை. அப்புறம் கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜினின் முன்பக்கத்தில் சுழலும் சக்கரமான கிராங்க் புல்லியின் போல்ட்டில் நீளமான ஸ்பேனர் போட்டு, இன்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையில் கையால் மெல்லத் திருப்புங்கள். ஸ்பேனர் உங்களிடம் பேசும். ஒரே சீரான இறுக்கம் வந்தால் நல்லது. ஓரிடத்தில் ‘டக்’கென்று நின்றால் அங்கே நிறுத்திவிடுங்கள், இன்னும் ஆயில், இன்னும் ஒருநாள்.

இரண்டு முழுச் சுற்று தடையின்றி வந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, பிளக் போடாமலே ஸ்டார்ட்டரால் சுற்ற விடலாம். அழுத்தம் இல்லாததால் பேரிங்குகளுக்குச் சுமை குறைவு. டாஷ்போர்டில் ஆயில் அழுத்தத்தைக் காட்டும் விளக்கு அணையும்வரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். இதற்கு நல்ல பேட்டரி வேண்டும். வருடக்கணக்கில் காலியாகக் கிடந்த பழையதன் தகடுகளில் ஈயச் சல்பேட் இறுகிப் படிந்திருக்கும், சார்ஜ் ஏறாது.

இனி பெட்ரோல். பொறுமையை அதிகம் சோதிப்பது இதுதான். பெட்ரோல் நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. குளிர்ந்த இன்ஜின் பற்றிக்கொள்ள உதவும் இலேசான பகுதிகள் முதலில் ஆவியாகிப் போய்விடும். மிச்சம் ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாக மாறும். டேங்க் மூடியைத் திறந்தால் பழைய வார்னிஷ் போல ஒரு புளித்த வாடை வரும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் அது ஈரத்தையும் ஈர்க்கும். அளவு மிஞ்சினால் நீரும் எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். இன்ஜினுக்குப் பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் வாயும் அந்த அடிப்பகுதியில்தான்.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் முழுக்க வற்றி, பிசின் மட்டும் பழுப்பு மெழுகாகப் படிந்திருக்கும். அங்கிருந்து பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளை ஜெட் ஒன்றைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள துளை, வட்டமாகத் தெரிய வேண்டியது, ஓரமெல்லாம் அம்பர் நிறத்தில் மங்கித் தெரியும். அந்த விட்டம் 0.1 மில்லிமீட்டர் குறைந்தாலே துளையின் பரப்பு 19 சதவீதம் குறைந்துவிடுகிறது. இன்ஜின் ஏன் இருமி இருமி அணைகிறது என்பதற்கு அதுவே போதும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். கரைப்பானில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். டேங்கைச் சுத்தம் செய்யும்வரை, சூடான பாகங்களிலிருந்து தள்ளி வைத்த சிறிய கேனில் புது பெட்ரோல் கொடுக்கலாம். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

தீப்பொறிப் பகுதி அவ்வளவு சிரமம் இல்லை. ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், திறந்து மூடும் சுவிட்சான பாயின்ட்டின் முகத்தில் ஆக்சைடு படிந்திருந்தால் மின்சாரம் பாயாது. நைஸ் எம்ரியால் லேசாகத் தேய்த்து, வெள்ளைத்தாளால் துடைத்துவிட்டால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

இன்ஜின் பற்றிக்கொண்டதும் சைலன்சரில் நீலப் புகை கிளம்பும். நீங்கள் ஊற்றிய ஆயில்தான் எரிகிறது, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அந்தச் சத்தம் தரும் சந்தோஷத்துக்கு ஈடே இல்லை! சரி, ஆனாலும் வண்டியை இன்னும் நகர்த்த வேண்டாம். பிரேக் ஆயிலும் ஈரத்தை ஈர்ப்பதுதான். டாட் 3 (DOT 3) என்ற பிரேக் ஆயில் வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது, 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். அதே நீர், சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கியிருந்தால் இன்னொரு சிக்கல்: மிதிக்கும்போது அழுத்தம் உள்ளே போகும், திரும்பி வராது. அதனால் இன்ஜினை அணைத்து, ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒருவர் பெடலை மிதித்து விடட்டும். கால் எடுத்த மறுகணமே சக்கரம் உங்கள் கைக்குத் தடையின்றிச் சுற்ற வேண்டும்.