இறங்கும் மெட்ரோவின் மின்சாரம் எங்கே போகிறது?

மொரிஷியஸின் மேட்டு நகரான கூர்ப்பிப்பிலிருந்து தலைநகர் போர்ட் லூயிக்கு மெட்ரோவில் வேலைக்குப் போய்வரும் வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். காலையில் வண்டி மேட்டிலிருந்து இறங்கும்போது மின்சாரம் செலவாவதற்குப் பதிலாக உற்பத்தியாகிறது என்று அவருடைய அலுவலக நண்பர் சொல்கிறாராம். அது உண்மைதானா, உண்மையென்றால் அந்த மின்சாரம் எங்கே போகிறது என்பது அவருடைய ஐயம். முதல் கேள்விக்கு "ஆம்" என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விதான் ஆழமானது. நம் தீவின் நிலஅமைப்புக்கும் அந்தக் கேள்விக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

கூர்ப்பிப் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போர்ட் லூயி கடலோரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலான பாதையின் நீளம் சுமார் 26 கிலோமீட்டர். பள்ளியில் படித்த சூத்திரப்படி, ஒரு டன் எடையை 550 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 54 லட்சம் ஜூல் ஆற்றல் தேவை. மின்கட்டணச் சீட்டின் கணக்கில் இது ஒன்றரை யூனிட். பயணிகளோடு சேர்த்து வண்டியின் எடை 60 டன் என்று வைத்துக்கொண்டால், மேலே ஏறுவதற்கு மட்டும் 90 யூனிட் வேண்டும். அந்த 90 யூனிட்டும் கூர்ப்பிப்பில் நிற்கும் வண்டியில் நிலை ஆற்றலாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது.

1865-இல் இதே மேட்டில் ஏறத் தொடங்கிய பழைய நீராவி ரயில்கள் இறங்கும்போது அந்த ஆற்றலைப் பிரேக் கட்டைகளில் தேய்த்து வெப்பமாக்கி வீணடித்தன. அவற்றுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றைய மின்வண்டிக்கு வழி இருக்கிறது. அந்த வழியின் நுட்பத்தைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

மோட்டாரைச் சுழற்றினால் அது மின்னாக்கியாகும் என்பது எல்லாரும் அறிந்ததே. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் மோட்டார் எந்தக் கணத்தில், எதனால் மின்னாக்கியாக மாறுகிறது? பெரும்பாலான நவீன டிராம்களில் இருப்பது மூன்று கட்டத் தூண்டல் மோட்டார். அதன் வெளிச்சுற்றான ஸ்டேட்டரில் மாறுமின்னோட்டம் பாயும்போது உள்ளே ஒரு காந்தப்புலம் சுழல்கிறது. நடுவிலுள்ள ரோட்டருக்கு வெளியிலிருந்து மின்னிணைப்பு எதுவும் கிடையாது; சுழலும் புலம் அதைக் கடந்து செல்லும்போதுதான் அதில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. ஆகவே புலமும் ரோட்டரும் ஒரே வேகத்தில் சுழன்றால் தூண்டல் இல்லை, விசையும் இல்லை. ரோட்டர் எப்போதும் சற்றுப் பின்தங்கியிருக்க வேண்டும். நான்கு துருவ மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் கொடுத்தால் புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுழலும். ரோட்டர் 1470 சுற்றில் பின்தொடரும். அந்த 30 சுற்று வேறுபாட்டில்தான் வண்டியை இழுக்கும் விசை முழுவதும் பிறக்கிறது.

இப்போது ஓட்டுநர் வேகத்தைக் கட்டுப்படுத்த விரும்புகிறார். கம்பியின் நேர்மின்னோட்டத்தை மோட்டாருக்கான மாறுமின்னோட்டமாக மாற்றித் தரும் கருவியான இன்வெர்ட்டர், தான் கொடுக்கும் அதிர்வெண்ணை 50-இலிருந்து 48 ஹெர்ட்ஸாகக் குறைக்கிறது. புலத்தின் வேகம் உடனே 1440 சுற்றாகிவிடுகிறது. ஆனால் 60 டன் வண்டியின் சக்கரங்களோடு பிணைக்கப்பட்டிருக்கும் ரோட்டரால் கணப்பொழுதில் வேகத்தை இழக்க முடியாது; அது இன்னும் 1470 சுற்றிலேயே இருக்கிறது. பின்தங்கியிருந்த ரோட்டர் இப்போது புலத்தை முந்திவிட்டது. அதனால் ரோட்டரில் தூண்டப்படும் மின்னோட்டத்தின் திசை மாறுகிறது, விசையின் திசையும் மாறுகிறது. முன்னே இழுத்த விசை இப்போது பின்னே இழுத்து வண்டியைத் தடுக்கிறது. மின்கம்பியிலிருந்து வந்துகொண்டிருந்த ஆற்றல் கம்பிக்கே திரும்புகிறது. இதற்காக எந்தப் பல்சக்கரமும் மாற்றப்படவில்லை, எந்த இணைப்பும் துண்டிக்கப்படவில்லை. இரண்டே இரண்டு ஹெர்ட்ஸ் குறைந்தது, அவ்வளவுதான். மின்பொறியியலில் இதைவிட அழகான ஒன்றை நான் கண்டதில்லை.

இங்கேதான் வாசகரின் இரண்டாவது கேள்வி வருகிறது. நம் மெட்ரோவின் மேல்கம்பியில் ஓடுவது 750 வோல்ட் நேர்மின்னோட்டம். பொது மின்கட்டமைப்பின் மாறுமின்னோட்டத்தைத் துணைமின்நிலையங்களில் உள்ள டையோடுகள் நேர்மின்னோட்டமாக்கித் தருவதே இத்தகைய பாதைகளில் வழக்கம். டையோடு ஒருவழிப் பாதை. அதன் வழியாக மின்சாரம் திரும்பிப் போக முடியாது. ஆகவே இறங்கும் வண்டி தரும் மின்சாரத்தைப் பயன்படுத்த அதே கம்பியின் கீழ், அதே நேரத்தில், மின்சாரம் தேவைப்படும் இன்னொரு வண்டி இருந்தாக வேண்டும். இருந்தால், இறங்கும் வண்டி தன்னருகே கம்பியின் மின்னழுத்தத்தை 800, 850 வோல்ட் என்று உயர்த்துகிறது. மின்னோட்டம் அங்கிருந்து ஏறும் வண்டியை நோக்கிப் பாய்கிறது. துணைமின்நிலையத்தின் டையோடுகள் அந்த அளவுக்குத் தாமாகவே ஒதுங்கிக்கொள்கின்றன. இரட்டை வாளி கட்டிய கிணற்றுச் சகடையில் இறங்கும் வாளி ஏறும் வாளியைத் தூக்கிவிடுவதைப் போன்றது இது. வாங்கிக்கொள்ள வண்டி இல்லையென்றால் மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஐரோப்பியத் தரத்தில் இத்தகைய கம்பிகளுக்குத் தொடர்ச்சியாக அனுமதிக்கப்படும் உச்ச வரம்பு 900 வோல்ட். அதை நெருங்கும்போது கட்டுப்பாட்டுக் கருவி மின்னோட்டத்தை வண்டியின் மின்தடைகளுக்குத் திருப்பிவிடுகிறது. அந்த ஆற்றல் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும். பழைய நீராவி ரயிலின் கதைதான் மறுபடியும்.

தட்டையான நகரங்களில் இது பெரிய தலைவலி. நிலையத்துக்கு நிலையம் நின்று புறப்படும் வண்டி, மின்னோட்டத்தைத் திருப்பித் தருவது நிற்பதற்கு முந்தைய சில நொடிகளில்தான். அதே நொடிகளில் அருகில் இன்னொரு வண்டி புறப்பட வேண்டும். ஸ்பெயினின் கோமியாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாட்ரிட் மெட்ரோவின் ஒரு பாதையில் நேர அட்டவணையை மட்டும் இதற்கேற்பச் சீரமைத்து, சுமார் 3 விழுக்காடு ஆற்றலை மிச்சப்படுத்திக் காட்டினார்கள். லண்டன் சுரங்க ரயிலில் 2015-இல் மின்சாரத்தைத் திருப்பி அனுப்ப டையோடுக்குப் பக்கத்தில் ஓர் இன்வெர்ட்டரை வைத்துச் சோதித்தபோது, நாளொன்றுக்கு ஒரு மெகாவாட்-மணி அளவுக்கு மின்சாரம் மீட்கப்பட்டது. நம் மெட்ரோ வண்டிகளைச் செய்த சி.ஏ.எஃப். என்ற ஸ்பெயின் நிறுவனமே அந்நாட்டின் சரகோசா நகர டிராம்களில், இந்த மின்சாரத்தை வண்டியிலேயே சேமித்து வைக்கும் மீத்திறன் மின்தேக்கிகளைப் பொருத்தியிருக்கிறது.

நம் நிலைமை வேறு. மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும் வண்டி, டன் ஒன்றுக்கு 0.05 யூனிட் மட்டுமே இயக்க ஆற்றலை விடுகிறது. கூர்ப்பிப் மேடு தருவதோ ஒன்றரை யூனிட். அதுவும் நொடிக்கணக்கில் அல்ல, நிமிடக்கணக்கில். சரிவான பகுதிகளில் இறங்கும் வண்டி நீண்ட நேரம் தடுத்துக்கொண்டே வருகிறது, ஏறும் வண்டி நீண்ட நேரம் இழுத்துக்கொண்டே போகிறது. சராசரிச் சரிவான 2.1 விழுக்காட்டில் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்துக்குக் கணக்கிட்டால், உராய்வு இழப்புகள் போக இறங்கும் வண்டி ஏறத்தாழ 120 கிலோவாட் தரக்கூடும். ஏறும் வண்டிக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தேவை. ஆகவே ஏறும் வண்டி ஒன்று அருகில் இருந்தாலே போதும், இறங்கும் வண்டி தருவது முழுவதும் செலவாகிவிடும். ஸ்வீடனின் கிருனா சுரங்கத்திலிருந்து நார்வேயின் நார்விக் துறைமுகத்துக்கு இரும்புத்தாது ஏற்றி இறங்கும் ரயில்களும் சரிவின் ஆற்றலை இப்படித்தான் மின்சாரமாக்கித் திருப்பித் தருகின்றன.

எனினும் இதை இலவச மின்சாரம் என்று சொல்வது தவறு. எரிபொருளே இல்லாமல் என்றென்றும் ஓடும் எஞ்சின் பற்றிய காணொளிகளை நன்கு படித்தவர்களும் நம்பிப் பகிர்வதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. சக்கர உராய்வும், காற்றுத் தடையும், மோட்டாரின் வெப்ப இழப்பும் போக, ஏறச் செலவிட்டதில் பாதி திரும்பினாலே பெரிது. அந்தப் பாதியும் அற்பமானதல்ல. நம் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இன்னமும் இறக்குமதி செய்த எண்ணெயிலும் நிலக்கரியிலும்தான் பிறக்கிறது.

மொரிஷியஸ் பல்கலைக்கழகம் இருக்கும் ரெதுய்க்கு 2023 முதல் மெட்ரோ செல்கிறது. இறங்கும் வண்டிகளின் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகிறது என்று அளக்கும் ஆய்வை நம் மாணவர்களே செய்ய வேண்டும், அதற்கான நிதியை அரசு தயங்காமல் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கோடிக்கணக்கில் செலவிட்டு மின்கலத் தொகுதியையோ, மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் துணைமின்நிலையத்தையோ வாங்குவதற்கு முன், அது தேவைதானா என்பதை அளந்து பார்க்கச் செலவு அதிகம் ஆகாது. வண்டிகள் அடிக்கடி ஓடும் காலை, மாலை நேரங்களில் அநேகமாகத் தேவைப்படாது. அதிகாலையிலும் இரவிலும் வண்டிகளின் இடைவெளி கூடும்போது, இறங்கும் வண்டிக்கும் ஏறும் வண்டிக்கும் இடையே பல கிலோமீட்டர் தூரம் விழலாம். 120 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 300 ஆம்பியர் பாய்ந்தால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 45 வோல்ட் இழப்பாகும். தூரம் கூடக்கூட, வாங்க வண்டி இருந்தும் மின்சாரம் போய்ச் சேராது. கூர்ப்பிப்பிலிருந்து புறப்படும் முதல் வண்டியிலும் கடைசி வண்டியிலும் கம்பியின் மின்னழுத்தத்தையும், தடைகளுக்குள் பாயும் மின்னோட்டத்தையும் சில வாரங்கள் தொடர்ந்து பதிவு செய்தால், எவ்வளவு ஆற்றல் வெப்பமாக வீணாகிறது என்பதற்குத் துல்லியமான எண் கிடைத்துவிடும்.