சாட்டிலைட்டுக்கு உங்கள் ரோடு தெரியாது

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு மறுபடியும் ஒரு போன். இந்த மாதத்தில் இது நான்காவது. குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்து மண்பாதை, இலை ஏற்றும் டிராக்டர் போகிற வழி. காரின் முன் இடது சக்கரம் ஓரக்கல்லைத் தாண்டி அந்தரத்தில் நிற்கிறது. பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள். காட்டெருமைக்குப் பயந்து அவர்களை இறக்கவே இல்லை. பெல்ட் போட்டு வின்ச்சில் இழுத்து முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. ஓட்டி வந்த தம்பி திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: “சாட்டிலைட்டே இந்த வழியத்தான் காட்டுச்சுண்ணே.”

பதினைந்து வருடமாக நீலகிரியில், மாட்டிக்கொண்ட வண்டிகளை மீட்கும் ரெக்கவரி வண்டி ஓட்டுகிறேன். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு வெறுத்துவிட்டது. சாட்டிலைட் யாருக்கும் வழி காட்டுவதில்லை. அது மேலே இருந்து உங்கள் காரையும் ரோட்டையும் பார்த்துக்கொண்டே வருவதாகப் படித்தவர்களே நம்புகிறார்கள். ஜிபிஎஸ் சாட்டிலைட் சுற்றுவது சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில். மணி என்ன, தான் எங்கே இருக்கிறேன் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஒருவர் இருப்பதே அதற்குத் தெரியாது. நாலு சாட்டிலைட்டின் சிக்னல் கிடைத்தால் போன் தன் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். சாட்டிலைட்டின் வேலை அதோடு முடிந்தது. “இடது பக்கம் திரும்பவும்” என்பது எப்போதோ சேர்த்து வைத்த வரைபடத்தைப் பார்த்து போன் சொல்வது. அதில் நெடுஞ்சாலையும் கோடுதான், தோட்டத்துப் பாதையும் கோடுதான். நேற்றைய மழையில் ஓரம் இளகியது அந்தக் கோட்டில் இருக்காது.

2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, பாதியில் நின்ற பாலத்திலிருந்து கார் ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். போன் காட்டிய வழியை நம்பிப் போனதாகத்தான் செய்தி வந்தது.

மலையில் இன்னொரு சிக்கல். கொண்டை ஊசி வளைவில் மேல் ரோடும் கீழ் ரோடும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பினால் போன் உங்களைத் தவறான ரோட்டில் நிறுத்திவிடும்.

ஊட்டியிலிருந்து முதுமலைக் காட்டில் இருக்கும் தெப்பக்காடுக்கு கூடலூர் வழி 67 கிலோமீட்டர், கல்லட்டி வழி 36. குறைவு என்று போன் சொன்னாலும் கல்லட்டியில் இறங்காதீர்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான இறக்கம். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்து, பாதியில் பிரேக் பிடிக்காமல் போன வண்டிகளை நான் தூக்கியிருக்கிறேன். செக்போஸ்டில் திருப்பி அனுப்பினால் தயவுசெய்து சண்டை போடாதீர்கள்.

புறப்படும் முன் போனில் கார் தேர்வாகியிருக்கிறதா, பைக்கா என்று பாருங்கள். பைக் என்றிருந்தால் சந்துபொந்தெல்லாம் காட்டும். டவர் கிடைக்காத இடங்களுக்கு வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். மைசூர் போகிற பந்திப்பூர் காட்டு ரோடு இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், அதற்குத் தக்கபடி கிளம்புங்கள். தார் முடிந்து மண் வந்தால் நிறுத்துங்கள். டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்பதில் என்ன கௌரவம் குறைந்துவிடும்?

சக்கரம் இறங்கியே விட்டதா? ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், இன்னும் இறங்கும். ஹேண்ட் பிரேக் போட்டு, மேட்டுப் பக்கக் கதவு வழியாகப் பிள்ளைகளை முதலில் இறக்குங்கள். வண்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நாங்கள் வருகிறோம்.