விருலன்ஸ்: நச்சுத்தன்மையா, வீரியமா?

அம்மாவின் கால் புண் ஆறவில்லை என்று மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். சீழை கல்ச்சர் பார்த்ததில் எம்ஆர்எஸ்ஏ, அதாவது மெதிசிலின் மருந்துக்குக் கட்டுப்படாத 'ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்' என்ற பாக்டீரியா. "மருந்துக்கும் லேசில கட்டுப்படாது, விருலன்ஸும் ஜாஸ்தி" என்றார் டாக்டர். அப்படியென்றால் என்ன என்று அம்மா கேட்டாள். நச்சுத்தன்மை என்றேன். பக்கத்துக் கட்டிலில் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்த உசிலம்பட்டிப் பெரியவர், "வீரியமான கிருமின்னு சொல்லுங்க தம்பி" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. வேர்ச்சொல் நஞ்சுதான், மறுக்கவில்லை. லத்தீனில் 'விருஸ்' என்றால் நஞ்சு, 'விருலென்டுஸ்' என்றால் நஞ்சு நிறைந்தது. வைரஸும் அங்கிருந்து வந்ததே. வடமொழி வழியாக நம்மிடம் வந்து 'விடம்' என்றும் ஆன விஷம் அதற்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் கிருமியின் விருலன்ஸ் நஞ்சோடு நிற்பதில்லை. திசுவில் ஒட்டிக்கொள்வது, வெள்ளணுவிடம் தப்புவது எல்லாம் அதில் சேர்த்தி. நச்சுத்தன்மையை டாக்ஸிசிட்டிக்கு விட்டுவிடலாம். பூச்சிமருந்துக்கு வீரியம் பத்தலை என்று தினமும் பேசுகிற ஊரில் 'நோய்வீரியம்' என்றால் யாருக்கும் விளங்கும்.

சரி, அந்த வீரியத்தை மட்டும் குறைக்கத் தேடுகிறார்களே சிறுமூலக்கூறுகள், அவற்றுக்கு என்ன பெயர்? ஆன்டிபயாடிக்கை நுண்ணுயிர்க்கொல்லி என்கிறோம். கொல்லும்போது தப்பியவை எதிர்ப்போடு பெருகுகின்றன. இந்தச் சிறுமூலக்கூறுகளோ பாம்பின் பல்லைப் பிடுங்கி விடுவதோடு சரி. பாம்புக்கடிக்கு நச்சுமுறி என்கிறோம் அல்லவா, அதே முறி இங்கும் பொருந்தும்: வீரியமுறி.

எம்ஆர்எஸ்ஏவின் முழுப்பெயரில் வரும் 'ஆரியஸ்' பொன்னிறத்தைக் குறிக்கும். வெள்ளணுக்களின் தாக்குதலிலிருந்து அந்தக் கிருமியைக் காப்பதில் இந்தப் பொன்னிறமிக்கும் பங்குண்டு. அந்த நிறமியைச் செய்யும் நொதி ஒன்று, நம் உடம்பு கொலஸ்ட்ரால் செய்யப் பயன்படுத்தும் நொதியின் சாயலில் இருக்கிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்க உருவாக்கிய ஒரு மூலக்கூறை 2008-இல் சோதித்தார்கள். கிருமி வெளுத்துப்போனது. சுண்டெலிகளின் உடம்பே அதைப் பெருமளவு ஒழித்துக்கட்டியது. எனக்கு எத்தனை முறை படித்தாலும் வியப்பு அடங்காத சோதனை இது.

மருந்துக்குக் கிருமி காட்டும் எதிர்ப்பை முறிப்பதும் புதிதல்ல. எந்த மெடிக்கலிலும் அமாக்சிசிலினோடு சேர்ந்தே கிடைக்கும் கிளாவுலானிக் அமிலம் 1981 முதல் அந்த வேலையைத்தான் செய்கிறது. தனியாக அது கிருமியைக் கொல்வது மிகக் குறைவு. பென்சிலின் வகை மருந்தை உடைக்கும் நொதியை முடக்குகிறது, அவ்வளவுதான். எதிர்ப்புமுறி எனலாம். எம்ஆர்எஸ்ஏவிடம் அது பலிக்காது. மருந்து போய் ஒட்டவேண்டிய புரதத்துக்குப் பதிலாக அந்தக் கிருமி வேறொன்றை வைத்திருக்கிறது. அம்மாவுக்குக் கடைசியில் ஏற்றியது வான்கோமைசின். கொல்லிதான்.